புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றிப் பேசும்போது நமது குரல் ஓங்கி ஒலிக்கிறது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், கிரீன்வுட் என்னும் கறுப்பர் குடியிருப்பை வெள்ளையர் கும்பல் தீக்கிரையாக்கியது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அதே ஜூன் மாதம் முடிவதற்குள், இராயபுரத்திற்கு மேற்கே கூப்பிடு தொலைவிலுள்ள புளியந்தோப்பிலும் குடிசைகள் எரிந்தன. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நமது நகரம் பிறக்கும்போதே பிரிவினையுடன் பிறந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கறுப்பர் நகரம். இன்றைய ஜார்ஜ் டவுனின் பழைய பெயர் அதுதான். கறுப்பர் என்று ஒரே பெயரிட்டு ஒதுக்கப்பட்ட மக்களோ, வலங்கை என்றும் இடங்கை என்றும் தெருத்தெருவாகச் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர்.

பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தபோது பல சாதியாரும் சமயத்தாரும் ஒரே கூரையின் கீழ் உழைத்தனர். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. எல்லோரையும் அணைத்த சங்கம்தான் அது. ஆயினும் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தொடங்கியபோது அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை.

கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் வீறுகொண்டிருந்த காலம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைக்குச் செல்ல மறுத்தனர். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் தலைவர் எம்.சி. ராஜாவின் சொல்லை ஏற்று ஆலைக்குத் திரும்பினர். இதனை அவர்கள் இழைத்த துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நிலமோ சேமிப்போ இல்லாத குடும்பத்தில் கூலி நின்றால் அன்றைய இரவே அடுப்பு அணையும். மேலும், சேரிக்குள் கால் வைக்கத் தயங்கியவர்கள் திடீரென்று சகோதரர்களே என்று அழைத்தால், நம்பிக்கை எங்கிருந்து வரும்? இந்தப் பிளவை ஆலை நிர்வாகம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

ஜூன் 28ஆம் நாள் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பின்னர் இரு தரப்பிலும் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஆகஸ்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நம்மவர் நின்றது குடிசைகளை எரித்தவர்களின் பக்கம். இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள் நிறப்பெருமையையும் குலப்பெருமையையும் ஒழித்த வரலாற்றை மிம்பர்களில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கிறோம். பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் மீது ஏறி பாங்கு சொன்னதைக் கூறிக் கண்கலங்குகிறோம். புளியந்தோப்பைப் பற்றி மட்டும் மிம்பரில் ஒரு சொல்லும் கேட்பதில்லை.

வேலைநிறுத்தம் அக்டோபரில் தோல்வியில் முடிந்தது. தொழிலாளர்கள் நிர்வாகத்தின் நிபந்தனைகளை ஏற்றுத் திரும்பினர். பலருக்கு வேலையே கிடைக்கவில்லை. 1923இல் எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். ஆலை 1996 வரை நீடித்தது.