திரைப்படமும் மாயா வளைகுடாவும்

ஓர் இடத்தின் புகழை முன்னாளில் செவிவழிச் செய்தியும் பயண நூலும் பரப்பின. பின்னாளில் அவ்வினையைத் திரைப்படம் மேற்கொண்டது. அப்புகழ் இடத்தை வாழ்விக்கவும் வல்லது, சிதைக்கவும் வல்லது. இதற்குச் சான்றாகத் தாய்லாந்து நாட்டு மாயா வளைகுடாவின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அந்தமான் கடலிலுள்ள பீ பீ லே தீவில், சுண்ணக்கற் குன்றுகள் சூழ அமைந்தது இவ்வளைகுடா. 1983-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அலெக்ஸ் கார்லண்டு 1996-இல் வெளியிட்ட 'தி பீச்' என்னும் புதினத்தைத் தழுவிய திரைப்படம் 1999-இல் இங்குப் படமாக்கப்பெற்றது. அதன்பொருட்டு மணல்மேடுகள் சமமாக்கப்பட்டன. இயற்கைச் செடிகள் நீக்கப்பட்டுத் தென்னைகள் நடப்பட்டன. உள்ளாட்சி அமைப்புகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2022-இலேயே கிடைத்தது.

மறைவான கரையொன்றைப் பிறர் அறியாமற் காக்க முயன்றோர் கதை அது. 2000-இல் படம் வெளிவந்ததும், அக்கதையே அக்கரையை உலகிற்கு அறிவித்தது. எனினும், கூட்டம் பெருகியமைக்குப் படம் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. குறைந்த கட்டண வானூர்திகளும், கைப்பேசிவழிப் பரவிய நிழற்படங்களும் துணைநின்றன. 2000-இல் தாய்லாந்திற்கு வந்த அயல்நாட்டார் ஏறத்தாழ 95 இலட்சம்; 2019-இல் ஏறத்தாழ 4 கோடி. சிறியதாகிய மாயாக் கரைக்கு ஒரே நாளில் 5,000 பேர் வரை வந்தனர். படகுகளின் நங்கூரங்களாலும் மக்கள் நெரிசலாலும் பவளப் பாறைகள் சிதைந்தன.

2018 ஜூனில் கரை மூடப்பட்டது. வருவாய் குன்றும் எனச் சுற்றுலாத் தொழிலார் முறையிட்டனர்; தடையோ நீட்டிக்கப்பட்டது. கருநுனிச் சுறாக்கள் மீண்டு வந்தன. 2022 ஜனவரியில் கரை மீளத் திறக்கப்பட்டபோது, ஒரு வேளைக்கு 375 பேர் என வரையறை செய்யப்பட்டது. படகுகள் தீவின் பின்புறமே நிற்கவேண்டும் என்றும், நீந்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

இவ்விதிகள் கரையைக் காத்தன. ஆயின், கரைக்கு வரும் வான்வழி இவற்றுக்கு அப்பாற்பட்டது. உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு வானூர்திகளுடையது. அவ்வாயு மிகுதலாற் கடல் வெப்பமுறுகின்றது. 2010-இல் அந்தமான் கடற் பவளங்கள் வெப்பத்தால் பெரிதும் வெளிறியமை இவண் நினைத்தற்பாலது. நங்கூரத்தைத் தடுக்கத் தீவினரால் இயலும். வெப்பத்தைத் தடுத்தல் அவர்தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

சுறாக்கள் மீண்ட செய்தியும் புதிய அழைப்பாகவே பரவுதல் கூடும். ஆதலின், இடத்தின் அழகைக் காட்டும் ஊடகம், அவ்விடத்தை அடையும் வழியின் விலையையும் உடன் கூறுதல் கடனாம். இன்றேல் அவ்விலையைச் செலுத்துவோர், படத்தால் ஈர்க்கப்பட்டு வந்து செல்வோர் அல்லர். அக்கரையை நம்பி வாழ்வோரே என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.