மான்செஸ்டரில் இரண்டு நாள்: வெள்ளாற்றங்கரைப் பயணிக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த உறவுக்கார இளைஞர் ஒருவர் அலுவல் நிமித்தம் இங்கிலாந்து செல்லவிருந்தார். பணி முடிந்தபின் மான்செஸ்டரில் தங்க இரண்டே நாள்கள் கிடைக்கும்; அங்குப் பார்க்கத்தக்கவை எவை என்று கேட்டார். அவர் கையிலிருந்த பட்டியலில் இரண்டு கால்பந்து மைதானங்களும், கடைத்தெரு ஒன்றும், ஹலால் உணவகங்கள் நிறைந்த வில்ம்ஸ்லோ சாலையும் இடம்பெற்றிருந்தன. அவற்றில் குறை காண ஏதுமில்லை. ஆயினும், கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் பருத்தியால் எழுந்த நகரத்துக்குப் போகும்போது, தம் ஊர் வரலாற்றின் சில பக்கங்களையும் அங்கே படித்துவர இயலும். இளைஞரின் பட்டியலோடு சேர்த்துக்கொள்ள வேண்டியவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்படும் முன் பார்க்க வேண்டிய ஊர்

மான்செஸ்டர்ப் பயணத்தைப் பெரம்பலூரிலேயே தொடங்குவது நலம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி வாலிகண்டபுரம் இருக்கிறது. இன்று பேருந்துப் பயணிகள் கண்ணெடுத்தும் பாராத இவ்வூர், 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தான்களின் ஆளுநர் ஷேர்கான் லோடியின் தலைமையிடமாக விளங்கியது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்ற 1673இல் இடமளித்தவர் இவரே. 1677இல் சிவாஜியின் கருநாடகப் படையெடுப்பின்போது இவரது அதிகாரம் முடிவுக்கு வந்தது. வாலிகண்டபுரத்துக்கு இன்னும் வடக்கேயுள்ள ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் 1751இல் சந்தா சாகிபின் தரப்பும் முகம்மது அலியின் தரப்பும் மோதிக்கொண்டன. முன்னவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரரும், பின்னவருக்குப் பின்னால் ஆங்கிலேயரும் நின்றனர்.

ஐரோப்பியர் இக்கரைக்கு வந்ததன் முதன்மையான காரணங்களுள் ஒன்று துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைக் கொண்டுதான் அவர்கள் தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினர். அவர்களுக்கு முன்பே அவ்வணிகத்தை நடத்திவந்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். லெப்பைக்குடிக்காட்டைத் தழுவி ஓடும் வெள்ளாறு கடலில் கலக்குமிடம் பரங்கிப்பேட்டை. முஸ்லிம் ஆட்சிக்கால ஆவணங்களில் அதன் பெயர் மஹ்மூது பந்தர். அத்துறைமுகத்து மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா எனக் கீழைக்கடல் துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்றன. பருத்தி பற்றிய சொற்களே இவ்வணிகத்தின் தடத்தைக் காட்டுகின்றன. ‘காட்டன்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘குத்ன்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ‘மஸ்லின்’ மோசுல் நகரின் பெயரையும், ‘காலிகோ’ கோழிக்கோட்டின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

அந்தத் துணிக்கு இங்கிலாந்தில் எழுந்த வரவேற்பைக் கண்டு அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். 1700இல் இயற்றப்பட்ட சட்டம் வண்ணமும் அச்சும் இட்ட ஆசியப் பருத்தித் துணிகள் உள்நாட்டு நுகர்வுக்கு வருவதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையே தடைசெய்தது. நம் துணி விலக்கப்பட்ட அந்தச் சந்தையில்தான் லங்காஷயர் வட்டாரம் போலித் துணி நெய்யப் பழகிற்று. 1760களிலிருந்து நூற்பு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மான்செஸ்டரின் ஏற்றத்துக்கு இயந்திர நுட்பம் ஒரு காரணம். சட்டத்தின் அரணும் ஒரு காரணம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு விமானம் ஏறுவோமாக.

முதல் நாள்: பஞ்சும் பசியும்

காலையில் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தைக் காணலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதையின் பழைய நிலையம் இவ்வளாகத்தில்தான் உள்ளது. இன்று எஞ்சியுள்ள பயணிகள் இரயில் நிலையங்களுள் உலகிலேயே மிகப் பழமையானது இதுவே. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதிகள் ஆலைகளை அடைந்த வழியும் இதுதான். சீரமைப்புக்காகச் சில பகுதிகள் மூடப்படுவதுண்டாதலால் முன்கூட்டியே விசாரித்துச் செல்ல வேண்டும்.

அடுத்து, இராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபம். உலகப் பருத்தி வணிகத்தின் இதயமாக விளங்கிய இக்கூடத்தில் 1968இல் வாணிபம் நின்றது. 1976 முதல் இது நாடக அரங்காக இருந்துவருகிறது. எனினும், கடைசி நாளின் விலைகளைக் காட்டும் பலகையை அகற்றாமல் உயரத்தில் அப்படியே விட்டுவைத்துள்ளனர். நம் கரிசல் உழவர் தை மாசியில் எடுக்கும் பஞ்சுக்கு விலை சொல்வோர் ஒரு காலத்தில் எவ்வளவு தொலைவில் இருந்தனர் என்பதை அப்பலகையின் கீழ் நின்றால் உணரலாம்.

இந்நகர வணிகர்களின் குரல் இலண்டனை எட்டியபோதெல்லாம் இந்தியாவில் வரிச் சட்டங்கள் மாறின. லங்காஷயர்த் துணி தடையின்றி விற்பனையாக 1882இல் இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. பின்னர் 1890களில் வருவாய்த் தேவைக்காகத் தீர்வை மீண்டும் வந்தபோது, அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிமீதும் 1896இல் மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி சுமத்தப்பட்டது. அது 1925இல்தான் நிறுத்தப்பட்டது.

இவ்வளவோடு பயணம் முடிந்தால் உள்ளத்தில் எஞ்சுவது கசப்பு மட்டுமே. ஆகையால் மாலையில் பீட்டர் தெருவுக்குச் செல்ல வேண்டும். 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டு அங்கே திரண்ட ஏறத்தாழ 60,000 மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது; குறைந்தது 15 பேர் மாண்டனர். பீட்டர்லூ படுகொலை எனப்படும் அந்நிகழ்ச்சிக்கு இருநூறாம் ஆண்டான 2019இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதே களத்தில் பின்னாளில் கட்டப்பட்ட ஃப்ரீ டிரேட் ஹால், இன்று தங்கும் விடுதியாக மாறிவிட்டது.

அந்த மண்டபத்தில் 1862 டிசம்பர் 31 அன்று நடந்த கூட்டம் நினைவில் நிறுத்தத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, ஆலைகள் மூடப்பட்டு, லங்காஷயர்த் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த காலம் அது. தென்மாநிலங்களின் பக்கம் நின்று முற்றுகையை உடைத்தால் பஞ்சு வரும் என்று பலர் தூண்டினர். ஆயினும் அக்கூட்டத்தினர், அடிமைமுறையை ஒழிக்கும் முயற்சியை ஆதரித்து ஆபிரகாம் லிங்கனுக்கு மடல் எழுதினர். 1863 ஜனவரி 19 அன்று லிங்கன் நன்றியோடு பதில் எழுதினார். அருகேயுள்ள லிங்கன் சதுக்கத்தில் அவரது சிலை நிற்கிறது.

அதே பஞ்சுப் பஞ்சத்தால் இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்து, போர் முடிந்ததும் சரிந்தது. கடன்பட்டுப் பருத்தி விதைத்த உழவர்கள் நொடித்தனர். ஆகவே, மான்செஸ்டர் ஆலை முதலாளியும் மான்செஸ்டர்த் தொழிலாளியும் ஒருவரல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. 1931 செப்டம்பரில் லங்காஷயருக்கு வந்த காந்தியடிகளும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே நடந்துகொண்டார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்தோர் வாழ்ந்த டார்வென் நகரில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரித்த நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

இரண்டாம் நாள்: பஞ்சுப் பணத்தில் ஒரு குர்ஆன்

இரண்டாம் நாளை ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை. நாள் பார்த்துச் செல்வது அவசியம். ஜான் ரைலண்ட்ஸ் பருத்தி ஆலைகளால் பெருஞ்செல்வரானவர். 1888இல் அவர் மறைந்தபின், அவர் மனைவி என்ரிக்வெட்டா கணவர் நினைவாக இந்நூலகத்தை எழுப்பினார். 1900 ஜனவரி முதல் நாளில் இது வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கிராஃபோர்டு பிரபுவின் சேகரிப்பிலிருந்த 6,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை 1,55,000 பவுண்டு கொடுத்து அவ்வம்மையார் வாங்கினார். அரபு, பாரசீகம், துருக்கி மொழிச் சுவடிகள் பெருமளவில் அவற்றுள் அடங்கும். மம்லூக் சுல்தான் கான்சூ அல்கூரியின் பெயரால் அறியப்படும் பேரளவுக் குர்ஆன் பிரதி இங்கே உள்ளது. அரிய பிரதிகள் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. ஆய்வாளர்கள் முன்பதிவு செய்து பார்வையிடலாம். பலவற்றின் படங்கள் இணையத்திலும் உள்ளன.

இதை எவ்வாறு மதிப்பிடுவது? 1865க்கு முன் லங்காஷயரின் செல்வம் பெரும்பாலும் அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சிலிருந்து வந்தது. அத்தகைய தொழிலில் திரண்ட பொருளே நம் மறையின் ஏடுகளை ஈரமும் கரையானும் அணுகாமல் காத்து நிற்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

பிற்பகலில், நகரின் முஸ்லிம் தடங்களைத் தேடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930கள் வரை, மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து வணிகர்கள் இங்கே தங்கித் துணி வாங்கித் தாயகம் அனுப்பினர். சிரியா, லெபனான் நாட்டு வணிகர்களும் அவர்களோடு இருந்தனர். மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் நாட்டுக்கு 14ஆம் நூற்றாண்டில் வந்து, மதுரை சுல்தானைக் கண்டு சென்ற இப்னு பதூதா தம் பயண நூலைச் சொல்லி எழுதுவித்ததும் அதே ஃபாஸ் நகரில்தான். ஒரு காலத்தில் கீழைநாட்டுத் துணிகளை விற்ற அரபு உலகம், மான்செஸ்டரில் துணி வாங்க வந்து நின்றது காலத்தின் திருப்பம். இன்று விக்டோரியா பூங்காப் பகுதியிலுள்ள மத்தியப் பள்ளிவாசலில் பல நாட்டு முஸ்லிம்கள் கூடித் தொழுகின்றனர். டிசம்பரில் சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறையும். ஜூனில் இரவு ஒன்பதரைக்குப் பின்னரே மறையும். தொழுகை நேரங்களை வைத்துப் பயணத்தை வகுத்துக்கொள்வது இங்கே மிகவும் பயனளிக்கும்.

அரைநாள் மீந்தால், இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லிவர்பூலை அடையலாம். இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேய வழக்கறிஞர் அப்துல்லா குவில்லியம் 1889இல் பிரௌம் டெரஸ் இல்லத்தில் நிறுவிய பள்ளிவாசல் சீரமைக்கப்பட்டு, அங்கு மீண்டும் தொழுகை நடந்துவருகிறது.

திரும்பி வந்தபின்

பயணத்தை இறைமறை படிப்பினைக்குரிய வழியாகக் காட்டுகிறது. மான்செஸ்டர் தரும் படிப்பினை யாது? ஆலைகள் மூடப்பட்டன, புகைபோக்கிகள் அணைந்தன. ஆனால் அந்நகரம் தன் கணக்கேடுகளையும், இயந்திரங்களையும், தனக்கு இழுக்குத் தரும் படுகொலையின் நினைவையும்கூடக் காத்து வைத்திருக்கிறது. வென்றவர்கள் என்பதனால் மட்டும் அவர்களின் வரலாறு நிலைக்கவில்லை. தாள்களை எறியாமல் பேணியதாலும் நிலைத்தது.

நம் நிலை என்ன? பெரம்பலூரின் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் கைத்தறிகள் ஒலிக்கின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்டுச் சிமெண்ட் ஆகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் படிமங்களைக் காக்க வாரணவாசியில் அருங்காட்சியகம் அமைந்துவிட்டது. ஆனால், சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்களின் ஏடுகளைக் காக்க என்ன செய்துள்ளோம்? நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள், கடல் கடந்தோர் எழுதிய கடிதங்கள், கடைக் கணக்கேடுகள், பள்ளிவாசல் வரவு செலவுப் புத்தகங்கள் ஆகியவை எத்தனை வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன! வீடு இடிக்கும்போது பழந்தாளாக எடைக்குப் போனவை எத்தனை!

அந்த இளைஞரிடம் நான் இறுதியாக வைத்த வேண்டுகோள் ஒன்றுதான். ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டு ஊர் திரும்பியதும், தம் பாட்டனாரின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதிலுள்ள ஏடுகளை வெயில் காட்டி, படமெடுத்து, பெயரும் ஆண்டும் குறித்துவைத்தால் அவருடைய மான்செஸ்டர்ப் பயணம் முழுமை பெறும்.