ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இடம்

கண்டனூரின் பழைய நகரத்தார் வீடுகளுள் ஒன்றில் தளம் செப்பனிடப்படுவதைச் சற்று நின்று கவனித்தால், கொத்தனார் கற்களை முதலில் தரையில் பரப்பிப் பார்ப்பதைக் காணலாம். ஆத்தங்குடிக் கற்கள் கையால் செய்யப்படுபவை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கப்படுபவை. ஆதலால் ஒரு கல்லின் சிவப்பு மற்றொரு கல்லின் சிவப்பு அன்று. கையில் இருக்கும் கற்களுள் எதை எங்கே வைத்தால் தளம் முழுவதும் ஒன்றாகத் தோன்றும்? இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

உரோமையின் தூய பேதுரு பேராலயப் பீடங்களில் ஓவியங்களாகத் தோன்றுபவற்றுள் பெரும்பாலானவை தூரிகையால் தீட்டப்பட்டவை அல்ல. சிறு சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியங்கள். பேராலயத்தின் ஈரக்காற்று துணி ஓவியங்களைக் கெடுத்து வந்ததே இதற்குக் காரணம். இப்பணிக்கென 1727இல் வத்திக்கானில் நிலையான பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. அங்கே ஒவ்வொரு துண்டையும் தெரிந்தெடுத்தது கைவினைஞரின் கண்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கண்ணின் வேலை எண்ணாக மாறியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கென் நோல்ட்டன், 1980களின் தொடக்கத்தில், கணிப்பொறியின் துணையோடு டோமினோ கட்டைகளால் முகங்களை உருவாக்கினார். கறுப்புக் கட்டையில் வெண்புள்ளி மிகுந்தால் வெளிச்சம், குறைந்தால் நிழல். ஒன்பது புள்ளிவரை செல்லும் ஒரு முழுத் தொகுதியில் 55 கட்டைகள் உண்டு. முழுத் தொகுதிகளையே பயன்படுத்த வேண்டும், ஒரு கட்டையும் மிஞ்சக் கூடாது என்பதே அவர் ஏற்ற கட்டுப்பாடு.

இதன் கடினத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓரிடத்திற்கு வேண்டிய வெளிச்சம் 50, மற்றோரிடத்திற்கு 90. நம்மிடம் உள்ள கற்கள் இரண்டு: ஒன்று 60, மற்றொன்று 20. முதலிடத்திற்கு மிகப் பொருத்தமான 60ஐ அங்கேயே வைத்துவிட்டால் பிழை 10 மட்டுமே. ஆனால் இரண்டாம் இடத்தில் 20ஐ வைக்க நேரும், அங்கே பிழை 70, மொத்தம் 80. மாற்றி வைத்தாலோ இரண்டிடத்திலும் பிழை 30, மொத்தம் 60. முதலிடம் தனக்குச் சிறந்ததை விட்டுக்கொடுத்தபோதுதான் ஓவியம் தெளிகிறது. பத்துக் கற்களைப் பத்து இடங்களில் வைக்கவே 36,28,800 வழிகள் உள்ளன. ஆயிரக்கணக்கான கற்களானால் எல்லா வழிகளையும் பார்த்து முடிக்க எக்கணிப்பொறியாலும் இயலாது.

இத்தகைய ஒதுக்கீட்டுக் கணக்கிற்கு 1955இல் விரைவான வழி கண்டவர் ஹரால்டு கூன். கோனிக், எகர்வாரி என்னும் ஹங்கேரியக் கணித அறிஞர் இருவரின் 1931ஆம் ஆண்டுப் பணிகளே அவருக்கு அடித்தளம். எகர்வாரியின் கட்டுரையை அகராதியின் துணையோடு படித்தறிந்த கூன், தம் பெயரை இடாமல் ‘ஹங்கேரியன் முறை’ என்றே பெயரிட்டார். வியப்பு அதோடு முடியவில்லை. 1851இல் மறைந்த யாக்கோபி என்னும் ஜெர்மானியக் கணித மேதை இதே வழியைக் கண்டிருந்தார் என்பதும், அது 1890இல் இலத்தீன் மொழியில் அச்சேறியிருந்தது என்பதும் 2006இல்தான் வெளிப்பட்டன. கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு கல்!

டோமினோ ஓவியத்தையும் இவ்வொதுக்கீட்டுக் கணக்காகத் தீர்க்கலாம் என்று டொனால்டு நூத் 1993இல் எழுதினார். அதற்கு இடங்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். ஓபர்லின் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் பாஷ், கட்டை கிடக்க வேண்டுமா நிற்க வேண்டுமா என்பதையும் கணக்கோடு சேர்த்தே தீர்க்கும் வழியைக் கையாண்டார். அவருடைய ‘ஆப்ட் ஆர்ட்’ என்னும் நூல் 2019இல் வெளிவந்தது.

இவ்வரலாறு நமக்கு எதைக் கற்பிக்கிறது? பங்கின் பணிகளைப் பகிரும்போது நம்மில் முந்திக்கொள்பவர் தமக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறார்; மிச்சம் கடைசியில் நிற்பவருக்கு. அவரால் இயலவில்லை என்று பின்னர் குறையும் கூறுகிறோம். பிழை அவரிடத்தில் தோன்றினாலும் அதன் காரணம் முதல் தேர்விலேயே இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கணிப்பொறி அளப்பது நாம் கொடுத்த படத்திற்கு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டுமே. அந்தப் படம் நல்லதா என்பதை அது அறியாது. மேலும், கல் தன் இடத்தைக் குறித்து வருந்துவதில்லை, மனிதர் வருந்துவர். ஆதலால்தான் பவுலடியார் திருச்சபையைக் கல் தளத்திற்கு அல்ல, ஓர் உறுப்பின் வலியை எல்லா உறுப்புகளும் உணரும் உடலுக்கு ஒப்பிட்டார். விட்டுக்கொடுக்கும்படி யாரைக் கேட்கிறோமோ அவரை முதலில் கலந்துகொள்வது நம் கடமை.

கண்டனூர்த் தளத்தில் நிறம் மங்கிய கல்லையும் கொத்தனார் எறிந்துவிடுவதில்லை. ஓரமாக வைத்துக்கொண்டு, அதற்குரிய இடம் வரும்வரை காத்திருக்கிறார். அந்தப் பொறுமையை நாமும் இறைவனிடம் வேண்டுவோம்.