வெக்கை நோய் ஒழிப்பு

வெக்கை நோய் ஒழிப்பு என்பது மாடு, எருமை ஆகியவற்றைத் தாக்கிவந்த வெக்கை நோயை உலகிலிருந்து நீக்குவதற்காகப் பல நாடுகள் கூட்டாக மேற்கொண்ட முயற்சி ஆகும். இந்நோய் ரிண்டர்பெஸ்ட் என்ற செருமானியப் பெயராலும் அறியப்படுகிறது. 2011 ஆம் ஆண்டில் இந்நோய் முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட இரண்டாவது தொற்றுநோய் இதுவாகும். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் இதன் வரலாற்றில் நெருங்கிய தொடர்பு கொண்டவை.

நோயின் தன்மை

வெக்கை நோய் ஒரு தீநுண்மத்தால் ஏற்பட்டது. இத்தீநுண்மம் மனிதரைத் தாக்கும் தட்டம்மைத் தீநுண்மத்திற்கும், ஆட்டுக்கொல்லி நோய்த் தீநுண்மத்திற்கும் நெருங்கிய உறவுடையது. கடும் காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், கடும் கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நோயை முன்பு கண்டிராத மந்தைகளில் பத்தில் ஒன்பது மாடுகள் வரை இறப்பதுண்டு. மனிதருக்கு இந்நோய் தொற்றாது. எனினும் உழவு, பால், எரு, போக்குவரத்து ஆகிய அனைத்திற்கும் மாட்டை நம்பியிருந்த மக்களுக்கு மாட்டின் இறப்பு பஞ்சமாகவே முடிந்தது.

பரவலும் முதல் அமைப்புகளும்

1887 ஆம் ஆண்டில் எரித்திரியாவில் இருந்த இத்தாலியப் படையினருக்காகக் கொண்டுசெல்லப்பட்ட மாடுகளுடன் இந்நோய் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியை அடைந்தது. அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்குள் நோய் கண்டத்தின் தென்முனை வரை பரவியது. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நீடித்த பெரும் பஞ்சத்திற்கு இது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இந்தியாவில் மாட்டுத் தொற்றுநோய்களை ஆராய்ந்த ஆணையம் ஒன்று 1871 இல் அறிக்கை அளித்தது. 1889 இல் புனேயில் ஓர் ஆய்வகம் நிறுவப்பட்டு, 1893 இல் இமயமலையிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. இதுவே பின்னர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

1920 இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்சியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டபோது அங்கும் நோய் பரவியது. இந்நிகழ்வின் விளைவாக 1924 இல் 28 நாடுகள் பாரிசில் ஒப்பந்தம் செய்து ஒரு பன்னாட்டு அமைப்பை நிறுவின. இன்று அது உலக விலங்கு நல அமைப்பு என அழைக்கப்படுகிறது.

ஆப்பிரிக்காவில் கூட்டு முயற்சி

மந்தைகள் மேய்ச்சலுக்காக எல்லைகளைக் கடந்து செல்வதால் ஒரு நாடு மட்டும் தடுப்பூசி போடுவது பயன் தரவில்லை. எனவே 1951 இல் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையேயான கால்நடைத் தொற்றுநோய்ப் பணியகம் உருவாக்கப்பட்டது. இன்று இது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் விலங்கு வளப் பணியகமாக நைரோபியில் செயல்படுகிறது.

கென்யாவின் முகுகாவில் பணியாற்றிய வால்டர் பிளவ்ரைட், உயிரணு வளர்ப்பு முறையில் பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினார். இதற்காக 1999 இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. 1962 முதல் 1976 வரை நடந்த கூட்டுத் திட்டத்தால் நோய் ஏறத்தாழ மறைந்தது. ஆனால் கண்காணிப்பு தளர்ந்ததால் எஞ்சியிருந்த சில இடங்களிலிருந்து 1980களின் தொடக்கத்தில் மீண்டும் பரவியது. இதன்பின் 1986 இல் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்கத் திட்டத்தில் தடுப்பூசியுடன் தொடர் கண்காணிப்பும் வலியுறுத்தப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியைப் பயிற்சி பெற்ற மேய்ப்பர்களே தொலைவிலுள்ள மந்தைகளுக்குக் கொண்டுசென்றனர்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் 1954 இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் முக்தேசுவரில் உருவான ஆட்டுவழித் தடுப்பூசி பயன்பட்டது. பின்னர் கென்யாவில் உருவான உயிரணு வளர்ப்புத் தடுப்பூசி இந்தியாவிலும் தயாரிக்கப்பட்டது. இவ்வாறு இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றதாகக் கருதப்படும் நோய்க்கான மருந்து, ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. தமிழகத்தில் 1932 இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பு மருந்து உற்பத்தியில் பங்காற்றியது.

எனினும் தென்னிந்தியாவில் நோய் நீண்ட காலம் நிலைத்திருந்தது. 1992 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதிய திட்டம் தொடங்கப்பட்டு, நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவில் கடைசியாக நோய் காணப்பட்டது 1995 இல் ஆகும். 2004 இல் நோயற்ற நாடாகவும், 2006 இல் நோய்த்தொற்றே இல்லாத நாடாகவும் இந்தியா அறிவிக்கப்பட்டது.

இலங்கை 1946 முதல் இந்நோயின்றி இருந்தது. 1987 இல் இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகள் வழியாக நோய் அங்கு மீண்டும் நுழைந்தது. படையின் உணவுக்கான விலங்குகளே நோயைச் சுமந்து சென்றதில், நூறு ஆண்டுகளுக்கு முன் எரித்திரியாவில் நடந்ததை இது ஒத்துள்ளது. இலங்கையில் 1994 இல் இறுதியாக நோய் காணப்பட்டது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதி

வெக்கை நோய் வீட்டு மாடுகளிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் தொற்றியது. 1968 இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளிலும், 1970களில் கேரளத்தின் பெரியாறு காடுகளிலும் காட்டுமாடுகள் பெருமளவில் இறந்தன. பெரியாற்றை ஒட்டி அமைந்துள்ளதே 1988 இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 இல் இது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. இங்கும் காட்டுமாடுகள் வாழ்கின்றன.

காப்பகத்தின் கிழக்கு அடிவாரத்தில் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்களின் சிற்றூர்கள் உள்ளன. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர் பால்கோவா, பசும்பாலைச் சர்க்கரையுடன் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுகிறது. பால் மிகுதிக்காக வளர்க்கப்படும் கலப்பின மாடுகள் வெக்கை நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியவை. ஆகவே இத்தகைய பால் தொழிலுக்கும் மலைக்காட்டு விலங்குகளுக்கும் நோய் ஒழிப்பு ஒருசேரப் பாதுகாப்பாக அமைந்தது.

அறிவிப்பும் பின்னரும்

உலகின் கடைசி நோய்ப்பரவல் 2001 இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடையே கண்டறியப்பட்டது. 2011 மே மாதத்தில் உலக விலங்கு நல அமைப்பும், சூன் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் ஒழிப்பை அறிவித்தன. இதே வழியில் ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிக்க இவ்விரு அமைப்புகளும் 2015 இல் திட்டம் வகுத்தன. இந்தியாவில் கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 2019 இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கோமாரி நோய்
ஆட்டுக்கொல்லி நோய்
பெரியம்மை
திருவில்லிபுத்தூர் பால்கோவா