டிராக்ஷன் கண்ட்ரோல்: தடை போட்டும் அணையாத கருவி

வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை அதிகமாக மிதித்தால் பந்தயக் காரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து சுழலும். அதைக் கணினியே உணர்ந்து இன்ஜினின் சக்தியைக் குறைப்பதுதான் டிராக்ஷன் கண்ட்ரோல். 1990களின் தொடக்கத்தில் ஃபார்முலா 1 அணிகளிடையே இது பரவியது. 'ஓட்டுவது மனிதனா, கணினியா?' என்ற கேள்வியும் எழுந்தது. 1994இல் இதற்குத் தடை வந்தது.

ஆனால் எல்லோரும் அணைத்துவிட்டார்கள் என்று எப்படி உறுதி செய்வது? கழற்றி மேசைமேல் வைக்க இது ஒரு பாகம் அல்லவே! மென்பொருளில் உள்ள சில வரிகள்தான். அதே ஆண்டு பெனட்டன் அணியின் கணினியில், தடை செய்யப்பட்ட 'லாஞ்ச் கண்ட்ரோல்' என்ற வேறொரு உதவி நிரல் இருப்பது தெரிந்தது. பந்தயத்தில் அதைப் பயன்படுத்தியதாக நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

கண்காணிக்க முடியாத தடையால் யாருக்கு லாபம்? நேர்மையாக இருப்பவருக்கு நஷ்டம் மட்டுமே. எனவே 2001 ஸ்பெயின் பந்தயம் முதல் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

2008இல்தான் தீர்வு வந்தது. எல்லாக் கார்களுக்கும் ஒரே வகையான கட்டுப்பாட்டுக் கணினி கட்டாயமானது, தடையும் திரும்பியது. முதல் தடைக்கு 14 ஆண்டுகள் கழித்து, சக்கரத்தின் பிடிப்பு மறுபடியும் ஓட்டுநரின் வலது காலை நம்பியதாயிற்று.