ஒரு லிட்டர்னா எத்தனை டம்ளர்?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எப்பவாவது திருப்பிப் பார்த்திருக்கீங்களா? பின்பக்கம் பொடி எழுத்தில், இதை ஒரு லிட்டர் குடிதண்ணீரில் கரைக்கணும்னு போட்டிருக்கும். படிக்க ரொம்ப சுலபமா இருக்கு. ஆனா ஒரு சிக்கல். நம்ம அடுக்களையில் 'லிட்டர்'னு ஒரு பாத்திரமே கிடையாது. டம்ளர் இருக்கு, சொம்பு இருக்கு, லோட்டா இருக்கு, செம்புக்குடம் கூட இருக்கு. லிட்டர் என்பது பால் பாக்கெட்டிலும் பெட்ரோல் பங்கிலும் இருக்கிற சமாச்சாரம். அது அடுப்படிக்குள் வரணும்னா நடுவில் யாராவது மொழிபெயர்ப்பு வேலை பார்க்கணும்.

அந்த மொழிபெயர்ப்போட வரலாறுதான் இந்தப் பதிவு. கணக்குப் பாடம்னு பயந்து ஓடிடாதீங்க :-) இந்தக் கணக்கு தப்பினால் குழந்தையோட உயிருக்கே ஆபத்து. சரியா வந்ததால் பிழைச்ச உயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கு.

முதல்ல, தண்ணி அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? பேதி ஆகும்போது உடம்பு தண்ணியோட சேர்த்து உப்பையும் இழக்குது. வெறும் தண்ணியைக் குடிச்சா ஈடுகட்ட முடியாது. உப்பும் குளுக்கோஸும் குடல் சுவரில் ஒரே வாசல் வழியா ஜோடியாத்தான் உள்ளே நுழையும், அதுங்க பின்னாடியே தண்ணியும் போகும். இந்த ஜோடி சங்கதியை 1960-ல் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஓ.ஆர்.எஸ். முழுக்க இந்த ஒரு விஷயத்து மேலதான் நிக்குது.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தி அமைச்ச கலவைப்படி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம் பொடி. இதில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கும்.

இப்போ அதே பாக்கெட்டை அவசரத்தில் 200 மி.லி. டம்ளர் ஒண்ணுல கொட்டிக் கலக்கிட்டோம்னு வைங்க. சோடியம் ஐந்து மடங்காகி 375-ல் போய் நிற்கும். கடல் தண்ணியில் இருக்கிறது சுமார் 470. அதாவது முக்கால்வாசிக்கும் மேல் கடல் தண்ணி மாதிரி ஒண்ணை, ஏற்கனவே துவண்டு கிடக்கிற குழந்தைக்கு ஊட்டுறோம். ரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளையைப் பாதிச்சு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். சரி, பயந்துக்கிட்டு ரெண்டு லிட்டரில் கரைச்சா? உப்பும் குளுக்கோஸும் பத்தாது, எதுக்குக் கொடுத்தோமோ அந்த வேலை நடக்காது. பொடியை கம்பெனிக்காரன் அளந்து கொடுத்துட்டான். தண்ணியை அளக்கிற பொறுப்பு மட்டும் அம்மா கையில்.

சரி, கதைக்கு வருவோம்.

1968-ல் டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் டாக்டர்கள், காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலை வாய் வழியாக் கொடுத்துப் பார்த்தாங்க. நரம்பில் ஏத்த வேண்டிய சலைனோட தேவை சுமார் 80 சதவீதம் குறைஞ்சது. ஆனா அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ள, நர்சுகள் பக்கத்திலேயே இருந்து கவனிக்கும்போது நடந்தது. வெளியில் எடுபடுமான்னு பல டாக்டர்களுக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது 1971 வங்கதேசப் போர். எல்லை தாண்டி சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள்ள வந்தாங்க. மேற்கு வங்கத்தில் பன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா பரவிருச்சு. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், சலைன் பாட்டிலோ தீர்ந்துபோற நிலைமை. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மஹலநாபிஸ் துணிஞ்சு ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கல்கத்தாவில் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, டிரம்களில் கரைச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்க கையிலேயே குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமா இருந்த சாவு 3.6 சதவீதமாக் குறைஞ்சது. மனுஷர் 2022 அக்டோபரில் காலமானார். 2023-ல்தான், அவர் மறைவுக்கு அப்புறம், பத்ம விபூஷண் கொடுத்தாங்க. (நம்ம நாட்டு வழக்கப்படி!)

இங்கே ஒண்ணு கவனிங்க. பன்காவில் ஊட்டினது குடும்பத்துக்காரங்க. ஆனா தண்ணியை அளந்து கரைச்சது மருத்துவ ஊழியர்கள். டிரம்மில் இருக்கிறதை எந்தக் குவளையில் மொண்டாலும் கலவை மாறாது. அளவுப் பிரச்சினை டிரம்மோட முடிஞ்சுபோச்சு. ஆனா ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு டிரம் வைக்க முடியுமா?

அதுக்கு வழி தேடினவங்க புதுசாப் பிறந்த வங்கதேசத்துக்காரங்க. 1972-ல் ஃபஸ்லே ஹசன் அபேத் ஆரம்பிச்ச பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1980-லிருந்து 1990 வரை வீடு வீடாப் பெண் ஊழியர்களை அனுப்பிச்சு. பாக்கெட் கிடையாது. அத்தனை கிராமத்துக்கும் பாக்கெட் செஞ்சு அனுப்ப வசதி இல்லை. அதனால வீட்டில் இருக்கிறதை வெச்சே ஒரு பாடம்: மூணு விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. அவ்வளவுதான். தராசு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியணும்னு அவசியமில்லை. விரல் இருக்கு, கை இருக்கு. மிச்சம் அந்த அரை சேர் மட்டும்தான்.

ஏன் அரை சேர்? ஏன் அரை லிட்டர் இல்லை? இந்தியா 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் போட்டு, 1960-களின் தொடக்கத்துக்குள் படி, சேர், மணங்கு எல்லாத்தையும் வியாபாரத்திலிருந்து ஓரங்கட்டிருச்சு. வங்கதேசம் மெட்ரிக்குக்கு மாறினது 1982-ல். ஒரே மொழி பேசுற ரெண்டு பக்கத்திலும், 1980-ல் இந்தப் பக்கம் லிட்டர், அந்தப் பக்கம் சேர்! 1795-ல் பிரான்ஸ்காரங்க சட்டம் போட்டு உண்டாக்கின லிட்டரைப் போய் அந்தக் கிராமத்து அம்மாகிட்ட சொன்னா என்ன புரியும்? சேர்னா புரியும். அவங்க தினமும் அளக்கிற அளவு அது.

கணக்கைப் பார்த்துருவோம். வங்காளத்து சேர் 80 தோலா எடை. ஒரு தோலா 11.66 கிராம். பெருக்கினா 933 கிராம் வரும். அரை சேர் 466 கிராம். தண்ணிக்கு ஒரு கிராம்னா ஏறக்குறைய ஒரு மில்லி, ஆக 466 மி.லி. அரை லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி கம்மி, அவ்வளவுதான்.

பாடம் நடத்தின விதமும் எனக்குப் பிடிச்சது. ஊழியர் கலக்கிக் காட்டிட்டுக் கிளம்பிட முடியாது. அந்த அம்மாவே தன் கையால், தன் வீட்டுப் பாத்திரத்தில் கலக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு குழு வந்து, சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, மறுபடி கலக்கச் சொல்லி, அந்தக் கரைசலில் உப்பு எவ்வளவுன்னு சோதனை பண்ணுவாங்க. அந்த மார்க்கைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம். அம்மா ஃபெயில்னா டீச்சருக்குக் காசு குறையும்! பத்து வருஷத்தில் இப்படி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனாங்க.

நடுவில்தான் அந்த 1982 வந்துச்சு. சேர் போய் லிட்டர் வந்தாச்சு. பின்னாடி அதே பாடம் அரை லிட்டர்னு மாறி, இன்னைக்கும் அங்கே அப்படித்தான் சொல்றாங்க. நல்லவேளை, மாற்றம் ஆபத்தில்லாத பக்கமா அமைஞ்சது. அதே சிட்டிகை உப்பை 466-க்குப் பதிலா 500 மி.லி.யில் போட்டா கலவை சுமார் 7 சதவீதம் நீர்த்துப்போகும். கெட்டியாகாது. தப்பினா நீர்த்த பக்கமாத் தப்பட்டும் என்பதுதான் இந்த விஷயத்தில் பாதுகாப்பு.

இதே சேர் நம்ம ஊர் சேரா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். பழைய வாய்ப்பாடு ஞாபகம் இருக்கிறவங்களுக்குத் தெரியும்: 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. வீசை 1,400 கிராம். அப்போ நம்ம சேர் 280 கிராம், அரை சேர் வெறும் 140. வங்காளத்துக் குறிப்பை அப்படியே தமிழில் எழுதி, 'அரை சேர் தண்ணி'ன்னு போட்டு, நம்ம பாட்டி ஒருத்தர் அதைப் படிச்சுக் கலக்கியிருந்தா, உப்பு மூணு மடங்குக்கும் மேல ஏறியிருக்கும். சொல் ஒண்ணுதான், பாத்திரம் வேற. அதே பாட்டிகிட்ட ஆழாக்கில் சொல்லியிருந்தா வம்பில்லை. வழக்கமான கணக்கில் ஆழாக்கு 168 மி.லி., ஆறு ஆழாக்கு 1,008 மி.லி. லிட்டருக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு அளவை அடுக்களையிலேயே வெச்சிருந்தோம். (ஊருக்கு ஊர் படி மாறும் என்பது தனிக்கதை.)

இதையெல்லாம் படிச்சுட்டு, எங்க வீட்டுப் பாத்திரங்களை சமையலறை தராசில் வெச்சுத் தண்ணி ஊத்தி அளந்தேன். காபி டம்ளர் 130 மி.லி. தண்ணி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் 260. விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி கிளாஸ் 210. சொம்பு 720. 'ஒரு டம்ளர்'னு எங்க வீட்டில் சொன்னா 130-லிருந்து 260 வரை எதுவாகவும் இருக்கலாம், நேர் இரண்டு மடங்கு வித்தியாசம்! அஞ்சு டம்ளர் ஒரு லிட்டர்னு பொதுவாச் சொல்றது 200 மி.லி. டம்ளருக்கு மட்டும்தான் பொருந்தும். அப்படி ஒரு டம்ளர் எங்க வீட்டில் இல்லவே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம்ம கடைகளில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டாகவும் கிடைக்குது, 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டாகவும் கிடைக்குது. சின்னதை டம்ளரில் கலக்கிப் பழகின கை, பெரியதையும் டம்ளரில் கொட்டிடும். வாங்கும்போதே எந்த அளவுன்னு பார்த்துக்கோங்க. பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு வீட்டுக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணிக்கு தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன்னா 5 மி.லி. பிடிக்கிறது. கலக்கினதை 24 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சத்தைக் கொட்டிடணும். குழந்தை சோர்ந்துபோனாலோ, குடிக்க மறுத்தாலோ டாக்டர்கிட்ட ஓடுங்க, அங்கே கணக்கு பார்த்துக்கிட்டு நிக்காதீங்க.

ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் நிறைச்சு, வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரத்தில் ஊத்தி, தண்ணி எதுவரை நிக்குதோ அங்கே ஆணியால் ஒரு கோடு கிழிச்சுட்டேன். பாத்திரத்தைக் கெடுத்துட்டேன்னு வீட்டில் திட்டு விழுந்தது. பரவாயில்லை, எங்க அடுக்களையிலும் இப்போ ஒரு லிட்டர் இருக்கு.

உங்க வீட்டு டம்ளர் எத்தனை மில்லி? அளந்து பார்த்துட்டு ஒரு வரி சொல்லிட்டுப் போங்களேன்.