பேரறிவாளன் வழக்கு

பேரறிவாளன் வழக்கு என்பது, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பேரறிவாளன் (பிறப்பு: ஜூலை 30, 1971) மீதான தீர்ப்பையும், அதன் நியாயம் குறித்து எழுந்த நீண்ட சட்டப் போராட்டத்தையும் குறிக்கும். சோலையார்பேட்டையைச் சேர்ந்த இவர் மின்னணுவியலில் பட்டயப் படிப்பு முடித்தவர். 31 ஆண்டுகளுக்குப் பின் 2022 இல் விடுதலையானார்.

பின்னணி

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நடந்த தேர்தல் கூட்டத்தில், இடுப்புப் பட்டைக் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 11 அன்று சென்னை பெரியார் திடலில் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவோம் என்ற அதிகாரிகளின் உறுதியை நம்பியே மகனை ஒப்படைத்ததாகத் தாயார் அற்புதம்மாள் கூறிவந்துள்ளார்.

இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை (மின்கலங்களை) வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார், அவை குண்டில் பயன்பட்டன என்பதே முதன்மைக் குற்றச்சாட்டு.

ஒப்புதல் வாக்குமூலம்

சாதாரணச் சட்டப்படி, காவல்துறை அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. தடா சட்டத்தின் 15 ஆம் பிரிவோ, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்ததைச் சான்றாக ஏற்றது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியில்லை; நேரே உச்ச நீதிமன்றம்தான்.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளன், நளினி, முருகன், சாந்தன் ஆகியோரின் மரண தண்டனையை உறுதி செய்தது. இக்கொலை தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதச் செயல் அன்று என்றும் அது கூறியது. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றது. சட்டம் பொருந்தாது, அதன் வழி வந்த சான்று மட்டும் பொருந்தும் என்னும் இந்நிலையே கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

தியாகராசனின் கூற்று

வாக்குமூலத்தைப் பதிவு செய்த நடுவண் புலனாய்வுச் செயலகக் கண்காணிப்பாளர் வி. தியாகராசன், ஓய்வுக்குப் பின் 2013 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அதை எழுதினால் ஒப்புதல் வாக்குமூலம் என்ற தன்மையே போய்விடும் என்பதால் தாம் விட்டுவிட்டதாகவும் தெரிவித்தார். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரமாகவும் அளித்தார். கொலைத் திட்டம் தம்மையன்றி மிகச் சிலருக்கே தெரியும் எனச் சிவராசன் 1991 மே 7 அன்று அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்தியையும் அவர் சுட்டினார். சதி வழக்கில் 'தெரிந்து செய்தாரா' என்பதே உயிர்நாடி. எனவே விடுபட்ட வாக்கியம் சிறியதன்று.

கருணை மனு

குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய கருணை மனு 11 ஆண்டுகள் கிடந்து 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று தூக்கு எனக் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிர் துறந்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றமும் அன்றே தீர்மானம் நிறைவேற்றியது. காலதாமதத்தைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

இதற்கிடையே, சிறையிலிருந்தே 2012 இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதி 1200 க்கு 1096 மதிப்பெண்கள் பெற்றார்.

விடுதலை

2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுக்கு மேல் முடிவெடுக்காமல், அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் எனக் கூறிய உச்ச நீதிமன்றம், 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142 ஆம் பிரிவின் கீழ்ப் பேரறிவாளனை விடுவித்தது. இது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அன்று; தண்டனைத் தீர்ப்பு இரத்தாகவில்லை.

ஏனைய அறுவரும் 2022 நவம்பர் 11 அன்று விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் இலங்கையரான நால்வர் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டனர். தாயகம் திரும்பக் காத்திருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் காலமானார்.